நெல்லைப் பக்கம் பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போகிறீர்களா? பக்கத்துப் பள்ளிகளை ஒப்பிட்டுப் பார்க்க முழு வழிகாட்டி

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிற என் மதினிக்குப் போன வருஷம் பெரிய குழப்பம். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் மூன்று பள்ளிகள். தெருமுனையில் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. வாய்க்கால் பாலம் தாண்டினால் அரசு உதவி பெறும் பள்ளி. மெயின் ரோட்டில் எட்டாம் வகுப்பு வரை உள்ள ஒன்றிய நடுநிலைப் பள்ளி. சின்னவளை எதில் சேர்ப்பது? டீக்கடையில் கேட்டால் ஒரு பதில், ரேஷன் கடை வரிசையில் கேட்டால் வேறு பதில். "அங்கே ஸ்மார்ட் போர்டு இருக்குல்லா" என்றார் ஒருவர். "இங்கிலீஷ் மீடியம் இருக்கிற இடத்துல சேரு" என்றார் இன்னொருவர். பக்கத்து வீட்டு ஆச்சிக்கோ தான் படித்த பள்ளியைத் தவிர வேறு எதுவும் பள்ளிக்கூடமே கிடையாது.

"நீங்க சொல்லுங்க தம்பி" என்று மதினி என்னிடம் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. என் பையனுக்குப் பள்ளி தேர்ந்தெடுத்ததில் நானே சறுக்கியவன். அந்தக் கதை பின்னால் வருகிறது. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, பள்ளிக்கு நாலு பக்கம் ஒதுக்கி, மூன்று பள்ளிகளிலும் ஒரே கேள்விகளைக் கேட்டு எழுதினோம். அதன் வரிசை கீழே இருக்கிறது. அரசுப் பள்ளியா தனியாரா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில்தான் சேர்ப்பது என்று முடிவெடுத்தவர்களுக்கு, அதில் எது என்று பார்ப்பதற்கு இது.

முதல் படி: என்னென்ன பள்ளி, யாருடைய பள்ளி

கல்வி உரிமைச் சட்டத்தின்படி தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள்ளும், ஆறு முதல் எட்டு வரை உள்ள வகுப்புகள் 3 கிலோமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். முதலில் இந்த வட்டத்துக்குள் இருப்பதை எல்லாம் எழுதுங்கள். கண்ணில் படாத பள்ளி ஒன்று கட்டாயம் இருக்கும்.

மானூர், பாப்பாக்குடி, களக்காடு, ராதாபுரம் போன்ற ஒன்றியங்களில் பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகள். டவுன், பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தச்சநல்லூர் என்றால் மாநகராட்சிப் பள்ளிகள். சில ஊர்களில் ஆதிதிராவிடர் நலத்துறைப் பள்ளி இருக்கும். இவை தவிர நம் பக்கத்தில் உதவி பெறும் பள்ளிகள் ஏராளம். டி.டி.டி.ஏ. (சி.எஸ்.ஐ. திருநெல்வேலித் திருமண்டலம்) பள்ளி, ஆர்.சி. (கத்தோலிக்கச் சபை) பள்ளி, இந்து தொடக்கப் பள்ளி என்று ஊருக்கு ஒன்றாவது கண்ணில் படும். மிஷனரிகள் 19-ஆம் நூற்றாண்டில் பாளையங்கோட்டையைச் சுற்றிப் போட்ட விதை, அதன் பிறகு ஒவ்வொரு சமூகமும் தன் பங்குக்குக் கட்டியது என்று அதற்கு நீண்ட வரலாறு உண்டு. உதவி பெறும் பள்ளியில் நிர்வாகம் தனியார், ஆசிரியர் சம்பளம் அரசு. பாடநூல் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆகவே "அங்கே சிலபஸ் நல்லாயிருக்கும்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போகலாம்.

தொடக்கப் பள்ளியா நடுநிலைப் பள்ளியா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நடுநிலைப் பள்ளியில் சேர்த்தால் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி தேட வேண்டாம். இன்னொரு வசதியும் உண்டு. 2019 முதல் தமிழ்நாட்டில் நடுநிலைப் பள்ளி வளாகத்தில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. நடக்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளி அதில் ஒன்றா என்று கேளுங்கள்.

இரண்டாம் படி: வீட்டில் உட்கார்ந்தே எடுக்கக்கூடிய எண்கள்

ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க யூடைஸ் எண் உண்டு, மத்திய அரசின் பள்ளித் தரவுத் தொகுப்பில் அந்தப் பள்ளிக்கான அடையாள எண் அது. தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் 33-இல் தொடங்கும். பள்ளியின் பெயர்ப் பலகையிலோ தலைமை ஆசிரியர் அறையிலோ பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். யூடைஸ் பிளஸ் இணையதளத்தில் 'நோ யுவர் ஸ்கூல்' பகுதிக்குப் போனால் வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள், எத்தனை வகுப்பறை, கழிவறை, தண்ணீர் வசதி, நூலகம், எந்த மீடியம் என்று பள்ளியின் விவர அட்டை கிடைக்கும். இ-சேவை மையத்திலோ பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையனிடமோ சொன்னாலும் எடுத்துத் தருவார்கள்.

இந்த அட்டையை அப்படியே நம்ப வேண்டாம். பள்ளியே நிரப்பிக் கொடுக்கிற விவரம் இது, ஒரு வருஷம் பழையதாகவும் இருக்கலாம். 'கழிவறை: 2' என்று இருக்கும். அதில் ஒன்று பூட்டிக் கிடப்பது அட்டைக்குத் தெரியாது.

ஆனால் ஒன்று மட்டும் இதில் அருமையாகத் தெரியும். வகுப்புவாரி எண்ணிக்கையை மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். ஐந்தாம் வகுப்பில் 22, நான்கில் 19, மூன்றில் 15, இரண்டில் 9, ஒன்றில் 6 என்றால் பிள்ளை சேர்வது வருஷா வருஷம் குறைகிறது. ஊரில் பிறப்பே குறைந்திருக்கலாம். ஆனால் பக்கத்துப் பள்ளியில் குறையாமல் இங்கே மட்டும் குறைந்தால் காரணம் வேறு. இன்னொரு மாதிரியும் உண்டு. போன வருஷ அட்டையில் இரண்டாம் வகுப்பில் 18 பேர், இந்த வருஷ அட்டையில் மூன்றாம் வகுப்பில் 11 பேர். அந்த ஏழு பேர் எங்கே போனார்கள்? அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டிக் கேளுங்கள். சேர்த்தவர்களைவிட, சேர்த்துவிட்டு எடுத்தவர்களுக்குத்தான் விஷயம் தெரியும். மதினி அப்படி இரண்டு வீடுகளுக்குப் போனார். ஒரு வீட்டில் திருப்பூருக்கு வேலைக்குப் போனதால் டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வாங்கியிருந்தார்கள். இன்னொரு வீட்டில் முக்கால் மணி நேரம் புகார்.

மூன்றாம் படி: ஆசிரியர் கணக்கு

எல்லாரும் தப்புப் போடுகிற கணக்கு இது. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சட்டத்தின் அட்டவணை இன்னும் விவரமானது. 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3. 91 முதல் 120 வரை 4. 121 முதல் 200 வரை 5. 150-ஐத் தாண்டினால்தான் ஐந்து பேருக்கு மேல் தனியாகத் தலைமை ஆசிரியர்.

இப்போது இரண்டு பள்ளிகளைப் பக்கத்தில் வையுங்கள். முதல் பள்ளியில் 38 பிள்ளை, 2 ஆசிரியர். தலைக்கு 19 பிள்ளை. கேட்கவே குளுமையாக இருக்கிறது. இரண்டாவதில் 112 பிள்ளை, 4 ஆசிரியர். தலைக்கு 28. எண்ணை மட்டும் பார்த்தால் முதல் பள்ளிதான் ஜெயிக்கும். ஆனால் வகுப்பு ஐந்து. முதல் பள்ளியில் ஐந்து வகுப்பை இரண்டு பேர் பிரித்துக்கொள்கிறார்கள். அந்த இரண்டு பேரில் ஒருவர் தலைமை ஆசிரியர். அவருக்கு எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவேடு) பதிவு, காலை உணவுக் கணக்கு, வட்டாரக் கல்வி அலுவலர் கூட்டம், பயிற்சி, வங்கி வேலை எல்லாம் உண்டு. அவர் கூட்டத்துக்குப் போகிற நாளில் 38 பிள்ளைகளும் ஒரே டீச்சரிடம். அந்த டீச்சருக்குக் காய்ச்சல் வந்தால்?

அதனால் நோட்டில் எழுத வேண்டிய கேள்வி: "ஒரு வகுப்புக்கு ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தனி ஆசிரியர் கிடைக்கிறார்?" இதை நேராகக் கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். "பெரிய டீச்சர் மீட்டிங் போனா யார் பாத்துக்குவாங்க?" என்று கேளுங்கள், தானாக வந்துவிடும்.

சின்னப் பள்ளி என்றாலே மோசம் என்று சொல்ல வரவில்லை. 2022 முதல் நடக்கிற எண்ணும் எழுத்தும் திட்டத்தில், ஒன்று முதல் மூன்று வரை உள்ள பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல் அவரவர் கற்ற நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அடுத்த வருஷமே நான்கு, ஐந்தாம் வகுப்புக்கும் திட்டத்தை நீட்டினார்கள். மூன்று வகுப்பையும் ஒரே அறையில் வைத்து நடத்தும் கை வந்த டீச்சர் இருந்தால், 20 பேர் உள்ள சின்னப் பள்ளியில் உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கிற கவனிப்பு வேறு எங்கும் கிடைக்காது. கை வராதவர் என்றால் நிலைமை தலைகீழ். பெரிய பள்ளியில் ஒரு டீச்சர் சுமார் என்றால் அடுத்த வருஷம் வேறு டீச்சர். சின்னப் பள்ளியில் அதே டீச்சரிடம்தான் மூன்று வருஷம்.

பணியிடம் காலியாக இருக்கிறதா, இருந்தால் எத்தனை மாதமாக, தற்காலிக ஆசிரியர் போட்டிருக்கிறார்களா என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

நான்காம் படி: மீடியம், சலுகை

இதில் ஊரில் உலவுகிற பாதிச் செய்தி தப்பு. இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உள்ள 7.5 சதவீத இட ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த வருஷம் பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளுக்கும் நீண்டது. அதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவி பெறும் பள்ளி அதில் வராது. "அப்போ எய்டட் ஸ்கூல்ல சேத்தா டாக்டர் சீட் போச்சே" என்று ஒன்றாம் வகுப்புக்கே கவலைப்படுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஐந்தாம் வகுப்பு வரை எங்கே படித்தாலும் இந்தச் சலுகை போகாது. ஆறாம் வகுப்பில்தான் யோசிக்க வேண்டும்.

தமிழ்வழி ஒதுக்கீட்டுக் கதை வேறு. அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் என்று 2010-இல் சட்டம் வந்தது. 2020-இல் அதைத் திருத்தி, பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழியில் இருக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். டி.என்.பி.எஸ்.சி. கேட்கிற சான்றிதழ் ஒன்றாம் வகுப்பிலிருந்தே வேண்டும். ஆக, ஒன்றாம் வகுப்பில் ஆங்கில மீடியம் பிரிவில் பெயர் கொடுக்கிற அந்த அஞ்சு நிமிஷத்தில் இந்தக் கதவு சாத்திக்கொள்கிறது. சேர்க்கைப் படிவத்தில் 'பயிற்று மொழி' என்ற கட்டத்தை நிரப்பும் முன் வீட்டில் எல்லாரும் இதைப் பேசிக்கொள்ளுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், வீட்டில் யாருக்கும் ஆங்கிலம் வராது என்றால் தொடக்க வகுப்பில் தமிழ்வழிதான் நல்லது. தமிழ்வழியிலும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் ஒரு பாடம். சில சின்னப் பள்ளிகளில் தமிழ் மீடியம், இங்கிலீஷ் மீடியம் இரண்டு பிரிவும் ஒரே அறையில், ஒரே டீச்சரிடம்தான் இருக்கும். வேறுபாடு புத்தகப் பையில் மட்டும். அதையும் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றுகிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் நலத்துறையின் கல்வி உதவித்தொகை ஒன்றாம் வகுப்பிலிருந்தே உண்டு. விண்ணப்பத்தைப் பள்ளியும் இணையத்தில் சரிபார்த்து அனுப்ப வேண்டும். போன வருஷம் எத்தனை பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்தீர்கள் என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். அந்தப் பள்ளி பெற்றோருக்காக எவ்வளவு மெனக்கெடும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஐந்தாம் படி: நேரில் போவது

ஆண்டு விழா, சுதந்திர தினம், சேர்க்கைப் பேரணி நடக்கிற நாள் எதிலும் போகாதீர்கள். வெறும் செவ்வாய்க்கிழமை, இல்லை புதன்கிழமை, காலை எட்டரைக்கே போய் வாசலில் நில்லுங்கள். முதல் ஆளாக எந்த டீச்சர் வருகிறார், பிள்ளைகள் அவரைப் பார்த்ததும் ஓடி வருகிறார்களா ஒதுங்கி நிற்கிறார்களா என்று பாருங்கள். அப்புறம் தலைமை ஆசிரியரிடம் "பிள்ளையைச் சேர்க்கணும், பள்ளியைப் பார்க்கலாமா?" என்று அனுமதி கேட்டு உள்ளே போங்கள். மூன்று பள்ளிகளில் இரண்டில் எங்களை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துப் பேசினார்கள். ஒன்றில் "அட்மிஷன்னா ஜூன்ல வாங்க" என்று வாசலோடு முடித்தார்கள். அதையும் நோட்டில் எழுதினோம்.

இரண்டாம் வகுப்புப் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்பதுதான் என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பள்ளியில் டீச்சர் ஒரு சிறுமியை எழுப்பி, தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பாடத்தை வாசிக்கச் சொன்னார். கணீரென்று, ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள். மதினிக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் அவள் விரலைப் பார்த்தேன். வாய் நாலாவது வரியில் இருந்தது, விரல் இரண்டாவது வரியில். டீச்சரிடம் கேட்டுக்கொண்டு, அந்தப் பக்கத்தின் நடுவில் 'குளத்தில்' என்ற சொல்லைத் தொட்டு "இது என்னம்மா?" என்றேன். அவள் பாடத்தின் முதல் வரியிலிருந்து மனதுக்குள் ஓட்டிக்கொண்டே வந்து, அந்த இடம் வந்ததும் "குளத்தில்" என்றாள். புத்திசாலிப் பிள்ளைதான். ஆனால் வாசிக்கவில்லை, ஒப்பித்தாள்.

அடுத்த பள்ளியில் ஒரு பையன், இன்னும் நடத்தாத பாடத்தைப் புரட்டிக் காட்டியதும், "ப… ட்… பட்… ட… ம்… பட்டம்!" என்று திக்கித் திக்கிப் படித்துவிட்டு, ஏதோ பரிசு கிடைத்ததுபோலச் சிரித்தான். இந்த இரண்டு பள்ளியில் எது என்று எனக்கு அப்போதே முடிவாகிவிட்டது. மதினிக்குத்தான் இன்னும் ஒரு வாரம் ஆனது.

நீங்களும் இதே மாதிரி செய்யுங்கள்: நடத்தாத பாடம், பக்கத்தின் நடுவில் ஒரு சொல், மூன்று நான்கு பிள்ளைகள். டீச்சர் தேர்ந்தெடுத்த பிள்ளை ஒன்று, கடைசி வரிசைப் பிள்ளை இரண்டு. கணக்குக்கு 43-இல் 17 போனால் எவ்வளவு என்று மூன்றாம் வகுப்பில் கரும்பலகையில் போடச் சொல்லலாம். கடன் வாங்கிக் கழிக்கிறார்களா, தடுமாறினால் டீச்சர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். பிள்ளை தப்புச் செய்யும்போது டீச்சரின் முகம் எப்படி மாறுகிறது என்பதை உற்றுப் பார்க்க வேண்டும். தலைமை ஆசிரியரிடம் "மூணாம் வகுப்புல எத்தனை பேர் இன்னும் அரும்புல இருக்காங்க?" என்று கேட்டால் நீங்கள் விவரம் தெரிந்து வந்திருக்கிறீர்கள் என்று அவருக்குப் புரியும். ஒளிக்காமல் "நாலு பேர் இருக்காங்க, சாயங்காலம் தனியா உட்கார வைக்கோம்" என்று சொல்கிறவரை நம்பலாம்.

ஸ்மார்ட் போர்டைப் பற்றிக் கேட்டால் அதன் மேல் தூசி இருக்கிறதா என்று பாருங்கள், போதும்.

ஆறாம் படி: தட்டு, தண்ணீர், கழிவறை, சுவர்

1956-இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த எட்டயபுரம் அன்றைக்குத் திருநெல்வேலி மாவட்டம்தான். சோறு போட்டுப் படிக்கவைத்த பெருமையில் நமக்கும் பங்கு உண்டு. இப்போது காலை உணவும் சேர்ந்துவிட்டது. 2023 ஆகஸ்ட் முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும், 2024 ஜூலையில் கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளிலும், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளிலும் வந்தது. ஆக, இதில் பள்ளிக்குப் பள்ளி வித்தியாசம் திட்டத்தில் இல்லை, பரிமாறுவதில் இருக்கிறது. சூடாக இருக்கிறதா, இரண்டாவது தடவை கேட்கிற பிள்ளைக்குப் போடுகிறார்களா, தட்டு கழுவுகிற இடம் வழுக்குகிறதா என்று பாருங்கள்.

கழிவறையை மதினிதான் போய்ப் பார்த்தார். ஒரு பள்ளியில் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் இருந்த ஓட்டையில் சணல் கயிறு கோத்திருந்தது. உள்ளே போகிற பிள்ளை கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொள்ள வேண்டும், வெளியே ஒரு தோழி காவல் நிற்க வேண்டும். அந்தக் காவல் பிள்ளையிடம் "தினமும் இப்படித்தானா?" என்று கேட்டதற்கு, "நான் வீட்டுக்குப் போயிதான் இருப்பேன் அத்தை" என்றாளாம். காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை அடக்கி வைக்கிற பிள்ளைக்கு எந்தப் பாடம் மண்டையில் ஏறும்? கட்டடம் புதுசா பழசா என்பதைவிட தாழ்ப்பாள், தண்ணீர், எட்டுகிற உயரத்தில் குழாய், இந்த மூன்றையும் பாருங்கள்.

சுவரைப் பற்றி நெல்லைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்துபோனார்கள். அதன் பிறகு மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களை இடித்தார்கள். இடித்த இடத்தில் புதுக் கட்டடம் வந்துவிட்டதா, பிள்ளைகள் தற்காலிகமாக எங்கே உட்காருகிறார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் ஐப்பசி மழையில் ஒரு தடவை எட்டிப் பாருங்கள், ஒழுகுவது அப்போதுதான் தெரியும். ஆற்றங்கரைப் பக்கம், அதாவது மீனாட்சிபுரம், சிந்துபூந்துறை, கொக்கிரகுளம் மாதிரி இடங்கள் என்றால், 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: யார் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள்

நம் ஊரில் இதை விட்டுவிட்டு எழுதினால் அது பாதி வழிகாட்டி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அமைந்த ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடுப்பது, பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளத்தை எடுப்பது எல்லாம் அதில் உண்டு. அது மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளின் கதைதானே என்று இருந்துவிட முடியாது. ஐந்து வயதில்தான் பக்கத்தில் யார் உட்காரலாம் என்று பிள்ளை பார்த்துக் கற்றுக்கொள்கிறது.

சாப்பாட்டு நேரத்தில் போய் நில்லுங்கள். வரிசை எப்படி அமைகிறது? சமைப்பது யார் என்பதற்காக வீட்டிலிருந்து டப்பா கொண்டுவருகிற பிள்ளைகள் இருக்கிறார்களா? வகுப்பைக் கூட்டவும் தண்ணீர் தூக்கவும் எப்போதும் அதே இரண்டு மூன்று பிள்ளைகளைத்தான் கூப்பிடுகிறார்களா? சின்ன ஊரில் இரண்டு பள்ளி இருந்து, ஒன்றுக்கு ஒரு தெருப் பிள்ளைகளும் இன்னொன்றுக்கு மற்றத் தெருப் பிள்ளைகளும் மட்டும் போனால், "அந்தப் பள்ளி நல்லா இருக்காது" என்ற பேச்சுக்கு என்ன பொருள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நான் என் நோட்டில் எல்லாத் தெருப் பிள்ளைகளும் வருகிற பள்ளிக்குக் கூடுதல் மதிப்பெண் போட்டேன். பெரியவர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை.

எட்டாம் படி: வழி

பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் நடையில் ஒரு தடவை நடந்து பாருங்கள். ஜூன் மாதம்தான் பள்ளியும் திறக்கும், கார் சாகுபடிக்கு அணைத் தண்ணீரும் திறக்கும். மே மாதத்தில் நீங்கள் பார்த்த காய்ந்த வாய்க்கால், கன்னடியன் கால்வாயோ கோடகன் கால்வாயோ, பள்ளி திறக்கும்போது கரை முட்ட ஓடும். பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் இருக்கிறதா? நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கம் நாலு வழிச் சாலையைக் கடக்க வேண்டிய பள்ளி என்றால், என் கணக்கில் அது ஒப்பீட்டிலிருந்தே விலகிவிடும்.

என் சறுக்கல்

இப்போது என் கதை. என் பையனைச் சேர்த்தபோது நானும் வகுப்பறைக்குள் போய்ப் பார்த்தேன். ஒன்றாம் வகுப்பு டீச்சர் அவ்வளவு அருமை. பிள்ளைகள் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டே அலைந்தன. வேறு எதையும் பார்க்காமல் சேர்த்துவிட்டேன். ஜூலையில் மாறுதல் கலந்தாய்வு வந்தது, டீச்சர் சொந்த ஊர்ப் பக்கம் போய்விட்டார். அந்த இடத்துக்கு ஆள் வரவே நாலு மாசம். வந்தவர் பிரம்பை மேசை மேல் வைத்துவிட்டுத்தான் வருகைப் பதிவையே எடுப்பார். பையன் காலையில் வயிறு வலிக்கிறது என்று சொல்லத் தொடங்கியதும்தான் எனக்கு உறைத்தது.

ஆகவே ஒரு டீச்சரை மட்டும் நம்பாதீர்கள். ஒன்று, இரண்டாம் வகுப்பு டீச்சர்கள், தலைமை ஆசிரியர் மூவரையும் பாருங்கள். இந்தப் பள்ளிக்கு வந்து எத்தனை வருஷம், வீடு எங்கே என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறவர் அடுத்த கலந்தாய்வில் மாறுதல் கேட்பார், அதில் குற்றம் சொல்ல முடியாது. உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியர்களை நிர்வாகம்தான் மாற்றும், அரசுக் கலந்தாய்வு இல்லை. அங்கே கேள்வியை நிர்வாகத்திடம் கேட்க வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற பெற்றோர் யாரையாவது பிடியுங்கள். சட்டப்படி குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். "போன கூட்டத்துல என்ன பேசினீங்க?" என்று கேளுங்கள். கையெழுத்துப் போட்டதோடு சரியா, தாழ்ப்பாள் விஷயம் பேசினார்களா என்று தெரிந்துவிடும்.

முடிவும் சேர்க்கையும்

நோட்டில் எழுதியதற்கு மொத்த மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்க்காதீர்கள். நாங்கள் கூட்டிப் பார்த்தோம், மூன்று பள்ளியும் ஏறக்குறைய ஒன்றாக வந்தது. அதற்குப் பதில், எது சரியில்லை என்றால் சேர்க்கவே மாட்டோம் என்று இரண்டு விஷயத்தை முதலில் முடிவு செய்யுங்கள். மதினிக்கு அது கழிவறையும் வாய்க்கால் பாலமும். எனக்கு வாசிப்பு. அந்தச் சல்லடையில் உதவி பெறும் பள்ளியும் தெருமுனைப் பள்ளியும் விழுந்தன. மெயின் ரோட்டுப் பள்ளிதான், திக்கித் திக்கிப் 'பட்டம்' படித்த பையனின் பள்ளிதான், மிஞ்சியது. அங்கே சுவரில் சுண்ணாம்பு உதிர்கிறது, ஸ்மார்ட் போர்டு பாதி நாள் வேலை செய்யாது.

சேர்க்கை சமீப வருஷங்களில் மார்ச்சிலேயே தொடங்கிவிடுகிறது. 5 வயது நிறைந்திருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழ், ஆதார், புகைப்படம், குடும்ப அட்டை நகல் கொண்டுபோங்கள். வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று சட்டத்தில் இருக்கிறது. படிவத்தில் பெயர், பிறந்த தேதி, பயிற்று மொழி மூன்றையும் எழுத்துக்கு எழுத்து சரிபார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். எமிஸில் ஏறிய பிழையைத் திருத்த அலைவது தனிக் கதை.

சேர்த்தது சரிவரவில்லை என்றால் வருஷம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். பிள்ளை வேறு பள்ளிக்கு மாற உரிமை உண்டு, கேட்டதும் டி.சி. தர வேண்டும். என் பையனுக்கு நவம்பரில் வாங்கினேன். தலைமை ஆசிரியர் கோபித்துக்கொள்வார் என்று பயந்துகொண்டே போனேன். "நானும் என் பிள்ளைன்னா மாத்திருப்பேன் சார்" என்று மெல்லச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.